ஐஜிஜி குறைந்த உடம்போடு வாழக் கற்றவை

நோய் எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் முதல் பரிசோதனை ரொம்பச் சாதாரணமானது. கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று இம்யூனோகுளோபுலின்களும், அதாவது கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி புரதங்களும், எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பார்கள். எங்கள் கும்பகோணத்து லேபிலேயே ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பி ரிசல்ட் வாங்கித் தருகிறார்கள். அந்தப் பரிசோதனையை ஒரு டாக்டர் எனக்கு எழுதித் தந்தபோது எனக்கு 34 வயது. அதற்குள் பாதி வாழ்க்கையை நான் ஆன்டிபயாடிக்கோடு கழித்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காதில் சீழ். கல்லூரியில் சைனஸ், அதற்கு ஆபரேஷன். அப்புறம் நிமோனியா, சில மாதம் கழித்து மறுபடி நிமோனியா. நடுவில் ஒருமுறை ரத்தத் தட்டணுக்கள் திடீரென்று இறங்கிப்போய்க் காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். கல்யாணத்துக்குப் பிறகு விடாத வயிற்றுப்போக்கு, கூடவே எடை இறக்கம். சளியில் காசநோய்க் கிருமி தென்படாமலேயே ஆறு மாதம் காசநோய் மருந்தும் சாப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு ஃபைல். காது டாக்டருக்கு வயிறு தெரியாது, வயிற்று டாக்டருக்கு நுரையீரல் தெரியாது. எல்லா ஃபைலையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்த்தவர் சென்னையில் ஒரு நுரையீரல் டாக்டர். சிடி ஸ்கேனில் என் நுரையீரலின் கீழ்ப்பகுதி மூச்சுக்குழாய்கள் விரிந்து தடித்துப்போயிருந்தன. அதை விளக்கில் மாட்டிவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இத்தனை தடவை இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கு, இதுவரைக்கும் யாராவது இம்யூனோகுளோபுலின் பார்த்தாங்களாம்மா?”

பெரியவர்களுக்கு ஐஜிஜி 700 முதல் 1600 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும், 100 மில்லி ரத்தத்துக்கு. எனக்கு 150க்கும் கீழே. ஐஜிஏ கிட்டத்தட்ட இல்லை.

அந்த ஒரு தாளை வைத்து முடிவு கட்டிவிடவில்லை. சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா, நான் சாப்பிட்ட ஏதாவது மருந்தால் இப்படி ஆனதா, ரத்தப் புற்றுநோய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விலக்கினார்கள். நிமோனியா தடுப்பூசி போட்டு, சில வாரம் கழித்து அதற்கு என் உடம்பு ஆன்டிபாடி தயாரித்திருக்கிறதா என்று பார்த்தார்கள். தயாரிக்கவில்லை. கடைசியில் கிடைத்த பெயர் காமன் வேரியபிள் இம்யூனோ டெஃபிஷியன்சி, சுருக்கமாக சிவிஐடி. ஆன்டிபாடி தயாரிப்புக்கு அடிப்படையான பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் எனக்கு இருக்கின்றன. ஆனால் அவை முதிர்ந்து ஆன்டிபாடி சுரக்கும் செல்களாக மாறுவதில்லை. பிறவியிலேயே உடம்பின் பாதுகாப்பில் வரும் இப்படிப்பட்ட கோளாறுகள் 500 வகைக்கு மேல் இருக்கின்றன. சிலது பிறந்த சில மாதத்திலேயே தெரியும். சிவிஐடி பெரும்பாலும் இருபது, முப்பது வயதில்தான் பிடிபடுகிறது.

குழந்தைக்கோ பெரியவருக்கோ ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா வந்தாலும், காதும் சைனஸும் மாறி மாறிச் சீழ் பிடித்தாலும், ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் சாப்பிட்டும் கேட்காமல் ஊசியாகவே ஏற்ற வேண்டி வந்தாலும், ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் பார்க்கச் சொல்லி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. நுரையீரலில் ஏற்பட்ட சேதம் திரும்பாது. சிகிச்சை தாமதமான ஒவ்வொரு வருடமும் அங்கே தழும்பாகத்தான் நிற்கிறது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது சொந்தக்காரர்களில் சிலர் முகம் மாறியது. எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது எச்ஐவி. அது வெளியிலிருந்து தொற்றும் வைரஸ். இது உடம்புக்குள்ளேயே இருக்கும் கோளாறு, யாருக்கும் ஒட்டாது. என் டம்ளரில் நீங்கள் தண்ணீர் குடித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் டம்ளரில் நான் குடித்தால்தான் எனக்கு ஆபத்து. இதை அத்தையிடம் சொன்ன மறுநாளே அவர் எனக்கென்று ஒரு சொம்பைத் தனியாக எடுத்து வைத்தார். ஒதுக்குவதற்காக அல்ல, என் தண்ணீர் வேறு யார் தண்ணீரோடும் கலந்துவிடக் கூடாதென்று.

அப்புறம் கஷாயம். நிலவேம்பு, சத்துமாவு, கருஞ்சீரகம், நெல்லிக்காய்ச் சாறு என்று அன்பாக வந்து சேர்ந்தவை ஏராளம். சத்தான சாப்பாடு எனக்கும் வேண்டும்தான். ஆனால் ஆன்டிபாடி சுரக்கும் செல்லே உருவாகாத உடம்பில் எதைச் சாப்பிட்டாலும் ஐஜிஜி ஏறாது. இந்தக் குறைபாட்டுக்கு மருந்து, மற்றவர்கள் உடம்பில் உருவான ஐஜிஜியை எடுத்து நமக்கு ஏற்றுவதுதான். 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், அடிக்கடி ரத்தத்தில் கிருமி பரவி அவதிப்பட்ட 8 வயதுச் சிறுவனின் ரத்தத்தில், ஐஜிஜி அடங்கிய புரதப் பகுதியான காமா குளோபுலினே இல்லை என்று கண்டார். தோலுக்கடியில் அதை ஊசியாகப் போட்டதும் பையன் தேறினான். இன்றைக்கும் எனக்கு நடப்பது அடிப்படையில் அதேதான். ஒரு பேட்ச் மருந்துக்கு ஆயிரக்கணக்கான பேரின் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, சேர்கிறது. முகம் தெரியாத அத்தனை பேரின் உடம்பும் பழகி வைத்திருக்கும் ஆன்டிபாடிகள் என் ரத்தத்தில் ஓடுகின்றன. அவர்களை நினைக்காமல் ஒரு பாட்டிலும் என் கையில் ஏறியதில்லை.

எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான அளவு. ஏற்றிய ஐஜிஜி சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நான்காவது வாரம் என் உடம்பு மாதக் கடைசியில் சம்பளக்காரர் வீடு மாதிரி: மூக்கு அடைக்கும், மூட்டு வலிக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கே படுக்கத் தோன்றும். இதை டாக்டரிடம் சொன்ன பிறகு இடைவெளியை மூன்று வாரமாகக் குறைத்தார். அடுத்த டோஸ் போடும் அன்று காலை, மருந்து ஏறுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து ஐஜிஜி பார்ப்பது வழக்கம். அந்த எண் முக்கியம்தான். ஆனால் எண் நன்றாக இருந்தும் தொற்று வந்துகொண்டே இருந்தால் டோஸைக் கூட்ட வேண்டும். ஆகவே எந்த வாரம் என்ன வந்தது என்று எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டு ரொம்ப உதவும்.

ஆரம்பத்தில் உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். இப்போது டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து ஊரிலேயே ஒரு நர்சிங் ஹோமில், சனிக்கிழமைகளில். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. ஐஸ் பெட்டியில் கொண்டுவரும்போது ஐஸ் பேக் பாட்டிலில் நேராகப் படாமல் துணி சுற்றுவேன். குளிரோடு அப்படியே ஏற்றக் கூடாது. வெளியே எடுத்து வைத்து, கண்ணாடியில் கை வைத்தால் சில்லென்று இல்லாத வரை காத்திருக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், மெல்லச் சுழற்றினால் போதும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து நோட்டில் ஒட்டிவிடுவேன்: பிராண்ட், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். பின்னால் ஏதாவது ஒவ்வாமை வந்தால் எந்த பேட்ச் என்று தேட வேண்டியிருக்காது. முடிந்தவரை பிராண்டை மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் முதல்முறை போடுவது போல மெதுவாக ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

வேகம்தான் எல்லாமே. முதல் அரைமணி நேரம் மிக மெதுவாக விட்டு, ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் பார்த்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வார்டில் கூட்டம் இருக்கும் நாளில் சீக்கிரம் முடிக்கலாம் என்று யாராவது வேகத்தைத் திருகிவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் முதுகில் குளிர் ஏறி, பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் வரும். “சிஸ்டர், நடுங்குது, நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடுங்க” என்று உடனே சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை இது. பெரும்பாலும் நிறுத்தி, மருந்து கொடுத்து, மெதுவாகத் தொடர்ந்தால் அடங்கிவிடும். முந்தைய நாளே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டால் மறுநாள் தலைவலி குறைகிறது. கழுத்து விறைத்து, வெளிச்சம் பார்க்க முடியாத தலைவலி என்றால் வீட்டில் படுத்துக்கிடக்கக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். ஏற்ற வேண்டிய அன்று காய்ச்சல் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். தொற்று முற்றியிருக்கும்போது ஏற்றினால் எதிர்வினை அதிகம்.

தோலுக்கடியில் வாரம் ஒருமுறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் வகையும் உண்டு. ஐஜிஜி அளவு ஏறி இறங்காமல் சீராக இருக்கும் என்பது அதன் நன்மை. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை.

ஏற்றும் மருந்தில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க ஐஜிஜி. மூக்கு, மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்சுவரைக் காப்பது ஐஜிஏ. அது நமக்கு வந்து சேர்வதில்லை. “அதான் மருந்து ஏத்துறியே, இன்னும் ஏன் சளி?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மிச்சத்தை நாம்தான் கையால் செய்ய வேண்டும்.

என் காலை நெபுலைசரில் தொடங்குகிறது. 3 சதவீத உப்புக் கரைசல் கோழையை இளக்கும். அப்புறம் நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுத்து நிறுத்தி விடுவது, அதற்கு மேல் ‘ஹஃப்’. கண்ணாடியில் ஆவி படியும்படி வாயைத் திறந்து ஊதுவோமே, அப்படித் தொண்டையைத் திறந்து வேகமாக மூச்சை வெளியே தள்ள வேண்டும். இருமிக் களைப்பதைவிட இதில் கோழை சுலபமாக மேலே வரும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறையாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துச் செய்தபோது எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். வரும் கோழையைப் பார்க்க அருவருப்புப் படக் கூடாது. நிறம் மாறுகிறதா, அளவு கூடுகிறதா, நாற்றம் வருகிறதா என்பதுதான் என் முதல் எச்சரிக்கை. பச்சையாகத் தடித்தால், ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சளியைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுவேன். மருந்து உள்ளே போன பிறகு கொடுத்தால் கிருமி வளராமல் போய்விடலாம். மூச்சுக்குழாய் விரிந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் 14 நாள் எழுதுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் தரும் மூன்று நாள் மாத்திரை நமக்குப் போதாது.

தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியதுதான், எங்கே போனாலும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி என்னைப் போன்றவர்கள் குடலில் புகுந்தால் லேசில் போகாது. கல்யாணப் பந்தியில் இலையில் தெளிக்கவும் என் பாட்டில் தண்ணீரைத்தான் எடுப்பேன். பச்சடியும் சட்னியும் வேண்டாம். கொதித்து இறக்கிய சாம்பார், ரசம், பொரியல் போதும். கோயிலில் தீர்த்தம் தரும்போது கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்கிறேன். எந்த அர்ச்சகரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

யாரும் நமக்குச் சொல்லித்தராத ஒன்று, ரத்தப் பரிசோதனைகள் நம் விஷயத்தில் பொய் சொல்லும் என்பது. டைஃபாய்டுக்குப் பார்க்கும் வைடால், டெங்குவுக்கான ஐஜிஎம், மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கான பல பரிசோதனைகள், இவை எதுவுமே கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியைத் தேடுகின்றன. தயாரிக்கவே முடியாத உடம்பில் டைஃபாய்டு இருந்தாலும் வைடால் நெகட்டிவ் காட்டலாம். எனக்கு அப்படித்தான் ஒரு கிளினிக்கில் “ஒன்றுமில்லை, வைரல் ஃபீவர்” என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தக் கல்ச்சரில்தான் டைஃபாய்டு கிருமி வளர்ந்தது. எதிர்ப்பக்கமும் நடக்கும். மருந்து ஏற்றிய பிறகு, யாரோ தானம் தந்தவரின் ஆன்டிபாடி நம் ரத்தத்தில் சுற்றுவதால், வராத நோய் வந்துபோனது போலக் காட்டும். ஆகவே கிருமியையே நேராகத் தேடும் பரிசோதனைகளைக் கேளுங்கள்: கல்ச்சர், பிசிஆர், டெங்குவுக்கு என்எஸ்1. புது டாக்டரிடம் போனால் நாடி பிடிப்பதற்கு முன்பே நான் சொல்வது இதைத்தான்: “டாக்டர், எனக்கு ஆன்டிபாடி உருவாகாது, ஆன்டிபாடி டெஸ்ட் நம்பக்கூடாது.” கேள்விப்படாத டாக்டர்களும் இருப்பார்கள். அதற்காகப் பர்ஸில் ஒரு தாள் வைத்திருக்கிறேன்: நோயின் பெயர், எடை, டோஸ், கடைசியாக ஏற்றிய தேதி, ஒவ்வாமை தரும் மருந்து, என் டாக்டரின் எண்.

காய்ச்சல் 100.4 தாண்டினால் அன்றே டாக்டர். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை.

தடுப்பூசியில் ஒரு பிரிவினை உண்டு. செத்த கிருமியால் ஆனவை ஆபத்தில்லை. எனக்குப் பலன் குறைவாக இருந்தாலும் ஃப்ளூ ஊசி வருடாவருடம் உண்டு. வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொண்டால் எனக்குச் சுற்றிலும் ஒரு வேலி. உயிருள்ள, பலவீனப்படுத்திய கிருமியால் ஆனவை டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது. அதில் முதலாவது போலியோ சொட்டு மருந்து. ஆன்டிபாடி இல்லாதவர் குடலில் அந்தத் தடுப்பு வைரஸ் தங்கிப் பெருகிக்கொண்டே இருக்கலாம். இங்கிலாந்தில் ஒருவர் மலத்தில் 28 ஆண்டுகளாக அது வெளியேறிக்கொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது. ஒரே வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், குழந்தைக்குச் சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி போடுவது பற்றிக் குழந்தை டாக்டரிடம் பேசுங்கள். குழந்தைக்குப் போலியோ பாதுகாப்பே இல்லாமல் விட்டுவிடாதீர்கள். தம்பி குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்த மாதம் நான் அவனைத் தூக்கிக் கொஞ்சினேன், டயபர் மட்டும் மாற்றவில்லை. தம்பி மனைவியே, “அண்ணி, நீங்க தள்ளி இருங்க, நான் பாத்துக்குறேன்” என்று சொல்லிவிடுவாள்.

பணம் பற்றியும் பேசத்தான் வேண்டும். 5 கிராம் பாட்டில் ஒன்றே ஆயிரக்கணக்கில். 60 கிலோ எடைக்கு ஒரு தடவைக்கு ஐந்தாறு பாட்டில், அதுவும் வாழ்நாள் முழுக்க. ஒரே பிராண்டுக்கு மருத்துவமனை மருந்தகத்தில் ஒரு விலை, மொத்த வியாபாரியிடம் வேறு விலை. வித்தியாசம் கணிசமாக இருக்கும். விசாரிக்கக் கூச்சப்படாதீர்கள், ஆனால் குளிர்சாதனத்தில் வைத்திருந்து பில் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். மத்திய அரசின் 2021 அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டிய பிறவிக் குறைபாடுகள் இடம்பெற்றிருக்கின்றன. 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்ச ரூபாய் வரை உதவி என்று அறிவித்தார்கள். உதவி அதற்கென்று அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாகத்தான். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் இப்போது அவற்றில் ஒன்று. பெங்களூரு, ஹைதராபாத்திலும் மையங்கள் உண்டு. குழந்தைக்கு நோய் கண்டவுடனே பதிவு செய்துவிடுங்கள், காகித வேலைக்கு நாள் ஆகும். டிஸ்சார்ஜ் தாளில் நோயின் முழுப் பெயர், எடை, டோஸ் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். இன்ஷூரன்ஸுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

இந்த நோய் உள்ள இளம்பெண்களின் அம்மாக்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது கல்யாணம், குழந்தை பற்றி. தாராளமாக முடியும். நோய் தெரிந்த பிறகுதான் எனக்கு மகள் பிறந்தாள். கர்ப்பத்தில் இம்யூனோகுளோபுலினை நிறுத்தக் கூடாது. எடை கூடக் கூட டோஸையும் கூட்டுவார்கள். கடைசி மூன்று மாதத்தில் அந்த ஐஜிஜிதான் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அதனாலேயே பிறந்த சில மாதங்களில் குழந்தைக்கு ஐஜிஜி பார்த்தால் அதன் சொந்த அளவு தெரியாது. சிவிஐடி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காரணமான மரபணு இன்னதென்று பிடிபடுவதில்லை, எங்களுக்கும் அப்படித்தான். மகளுக்கு ஒன்றரை வயதில் பார்த்தோம், அளவு சரியாக இருந்தது. இருந்தாலும் சிவிஐடி பெரியவளான பிறகும் தலைகாட்டக்கூடியது என்பதால், அடிக்கடி தொற்று வந்தால் மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் அவள் ஃபைலிலேயே எழுதி வைத்திருக்கிறார்.